பார்த்தும் பார்க்காத மாதிரி

சென்னையில் எனக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தவர்கள் முதல் மாதமே ஒரு விதியைச் சொல்லிவிட்டார்கள். உன்னிடம் பேச வருகிறவர்களை வெளியில் எங்கே பார்த்தாலும் நீயாக முதலில் சிரிக்காதே, பேசாதே. அவர்கள் கூட யாராவது இருப்பார்கள். ‘இவங்க யாரு, உனக்கு எப்படித் தெரியும்?’ என்று ஒரு கேள்வி வந்தால் பாவம் அந்தப் பிள்ளை என்ன பதில் சொல்லும்? அவர்களாக வந்து பேசினால் பேசு. இல்லையென்றால் வழியில் போகிற யாரோ ஒருத்தியாகப் போய்விடு. நானும் நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டுக்கொண்டேன். நல்ல விதிதான். இன்றைக்கும் அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதைத் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் நான் கடைப்பிடித்த லட்சணம் இருக்கிறதே, அதை நினைத்தால் இப்போதும் என் காது சூடாகிறது.

நான் இருப்பது விழுப்புரத்தில். பதின்மூன்று வயதிலிருந்து இருபத்தைந்து வரை உள்ள பிள்ளைகளுக்கு மனநல ஆலோசனை சொல்வது என் பிழைப்பு. சொல்வது என்று பேருக்குத்தான். பெரும்பாலும் வாயை மூடிக்கொண்டு கேட்பதுதான் வேலை. ஊரிலேயே பெரிய வாயாடிக்கு இப்படி ஒரு உத்தியோகமா என்று வீட்டில் இன்னும் கேலி செய்கிறார்கள். வாரத்தில் ஐந்து நாள் விழுப்புரம், சனிக்கிழமை மட்டும் திண்டிவனம். காலையில் பஸ் ஏறினால் விக்கிரவாண்டி டோல்கேட்டில் ஒரு தூக்கம் போடலாம். அப்புறம் கண்டக்டர், “உள்ள போகாது, பாலத்துலயே எறங்கிக்கோங்க” என்று எழுப்பி இறக்கிவிடுவார். அங்கிருந்து நடந்தால் ஒரு குழந்தை டாக்டரின் கிளினிக். அதன் மாடியில் மருந்து அட்டைப்பெட்டிகளை ஓரமாகத் தள்ளிவிட்டு எனக்கு ஒரு அறை கொடுத்திருந்தார்கள். இரண்டு நாற்காலி, ஒரு ஃபேன், சாத்தினால் சரியாக மூடாத ஒரு கதவு.

மாடிப்படிக்குப் பக்கத்தில் ஒரு லேடீஸ் டெய்லர் கடை. அந்தக் கடை மட்டும் இல்லையென்றால் என்னிடம் பாதிப் பேர் வந்திருக்க மாட்டார்கள். படியேறும்போது யாராவது பார்த்தால் ‘டெய்லர் கடைக்கு வந்தேன்’ என்று சொல்லிக்கொள்ளலாம் அல்லவா? நான் எழுதப்போகும் பெண்ணின் அம்மா அதில் இன்னும் கெட்டிக்காரர். வரும்போதெல்லாம் ஒரு துணிப்பையில் ஒரு ஜாக்கெட் பிட்டை எடுத்துவருவார். மாம்பழ மஞ்சளில் ஒரு பிட். வாரா வாரம் அதே பிட். அது தைக்கப்படவேயில்லை.

அவர்கள் ஊர் பெருமுக்கல் பக்கம். அப்பா கட்டட வேலைக்கு பெங்களூர் போய்விட்டு மாதம் ஒருமுறை வருகிறவர். அம்மா கூலி வேலை, மல்லாட்டை (எங்கள் பக்கத்தில் வேர்க்கடலைக்கு அதுதான் பெயர்) பிடுங்கப் போவார், நடவுக்குப் போவார். அந்த வீட்டிலிருந்து காலேஜ் போன முதல் ஆள் இந்தப் பெண்தான். பத்தொன்பது வயது. தீபாவளி லீவுக்கு ஹாஸ்டலிலிருந்து வந்தவள் திரும்பிப் போகவில்லை.

“மூலையில குந்திக்கினு செவுத்தயே பாத்துக்கினு இருக்குது மேடம். சோறு போட்டா ரெண்டு வாய். அதுவும் நான் கத்தினாத்தான். எவனாச்சும் எதனா பண்ணிட்டானாடின்னு கேட்டேன். அதுக்கு ஒரு மொற மொறைச்சுது பாருங்க, நானே பயந்துட்டேன்” என்று முதல் நாள் அம்மா சொன்னார். சொல்லிவிட்டு அறையைச் சுற்றிப் பார்த்தார். “மாத்திரை எதுவும் இல்லியா? பேச்சு மட்டுந்தானா? பேச்சு எங்க ஊர்லயே நிறைய கெடைக்குதே மேடம்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தப் பெண் சிரிக்கவில்லை. தரையில் ஒரு டைல்ஸ் விரிசல் விட்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவைக் கீழே அனுப்பிவிட்டு நான் கேட்க வேண்டியதை நேராகவே கேட்டேன். சாகணும் என்று தோன்றுகிறதா? இந்தக் கேள்வியைச் சுற்றி வளைத்துக் கேட்கக் கூடாது. இல்லை என்று தலையை ஆட்டினாள்.

“சாவணும்னு இல்ல மேடம். யார் கண்ணுலயும் படாம இருக்கணும். அவ்ளோதான்.”

அதற்குப் பிறகு நாலைந்து வாரம் அந்த டைல்ஸ்தான். ஹாஸ்டலில் ஏதோ நடந்திருக்கிறது என்பது மட்டும் தெரிந்தது. அந்தப் பேச்சை எடுத்தாலே உதடு இறுகிவிடும். நான் பொறுமைசாலி இல்லை. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மணி நேரம் எனக்கு ஒரு யுகம். இருந்தாலும் உட்கார்ந்தேன். வளர்ந்த பிள்ளைகள் யாரும் என்னிடம் தானாக வருவதில்லை. யாராவது கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருவார்கள். அதனால் ‘நான் பேச மாட்டேன்’ என்கிற ஒரே உரிமைதான் அவர்களிடம் மிச்சம் இருக்கும். அதையும் பிடுங்கக் கூடாது.

ஆறாவது வாரம் அவளாக வாயைத் திறந்தாள். வீட்டு ஆட்டுக்குட்டி அவள் துப்பட்டா நுனியைத் தின்றுவிட்டதாம். நுனியை எடுத்துக் காட்டினாள், பல் பல்லாகப் போயிருந்தது. “அதுக்கு மட்டும் என்னப் புடிக்குது” என்றாள். அன்றைக்கு அம்மா கீழே என் காதோடு சொன்னார், “நேத்து நாலு இட்லி மேடம். நாலு!” ஜூனில் வந்தால் திரும்பச் சேர்த்துக்கொள்வதாகக் காலேஜில் சொல்லியிருந்தார்கள். அதற்குள் இவள் எழுந்துவிட வேண்டும் என்று அம்மாவும் நானும் வாயால் சொல்லாமலே நாள் எண்ணிக்கொண்டிருந்தோம்.

அதற்கடுத்த புதன்கிழமை ஒரு பள்ளிக்கூடத்தில் பெற்றோரிடம் பேசுவதற்காகத் திண்டிவனம் போயிருந்தேன். முடித்துவிட்டு பஸ் ஸ்டாண்டுக்குள் வந்தேன். பூக்கடை எதிரில் அவள் நின்றுகொண்டிருந்தாள். கூட அவள் வயதில் இன்னொரு பெண். வீட்டைவிட்டு வெளியே வந்திருக்கிறாளே என்று எனக்கு ஒரே சந்தோஷம். அவள் என்னைப் பார்த்துவிட்டாள். ஆறு வாரமாகத் தரையைவிட்டு நிமிராத முகம் நிமிர்ந்தது. பக்கத்துப் பெண்ணிடம் ஏதோ சொன்னாள். என்னைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

நான் என்ன செய்தேன்? நோட்டில் அடிக்கோடு போட்டது ஞாபகத்துக்கு வந்தது. கூட ஆள் இருக்கிறது, அவளாக வந்து பேசவில்லை. ஆகவே பார்வையை அப்படியே நகர்த்தி, ஒரு பஸ்ஸின் போர்டைப் படிப்பதுபோல் படித்துக்கொண்டு, அவளைத் தாண்டி நடந்துபோனேன். போனதோடு விட்டேனா, ‘பரவாயில்லையே, எவ்வளவு கட்டுப்பாடு!’ என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன். எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்று சும்மாவா சொன்னார்கள்.

அந்தச் சனிக்கிழமை அவள் வரவில்லை. அம்மாவுக்குப் போன் செய்தேன். உடம்பு சரியில்லை என்றார். அடுத்த சனிக்கிழமையும் வரவில்லை. போனை யாரும் எடுக்கவில்லை. பேச ஆரம்பித்தவர்கள் நடுவில் பயந்து பின்வாங்குவது உண்டு, புத்தகத்தில் அதற்கு ஒரு பெயர்கூட இருக்கிறது. நான் அந்தப் பெயரை அவள் தலையில் ஒட்டிவிட்டு நிம்மதியாக டீ குடித்தேன்.

மூன்றாவது சனிக்கிழமை அம்மா மட்டும் வந்தார். கையில் அதே பை. பையில் ஜாக்கெட் பிட்டோடு அவித்த மல்லாட்டை ஒரு பொட்டலம். அதை மேஜைமேல் வைத்துவிட்டு உட்காராமலே நின்றார்.

“மேடம், நாங்க எதனா தப்புத்தண்டா பண்ணிட்டமா?”

“ஏம்மா, என்ன ஆச்சு?”

“பஸ் ஸ்டாண்டுல எங்க பொண்ணப் பாத்தீங்களாம். பாத்தும் பாக்காத மாதிரி போய்ட்டீங்களாம். கூட எங்க நாத்தனார் பொண்ணு இருந்துக்குது. அதுங்கிட்ட இவ, ‘அவங்க எனக்குத் தெரிஞ்சவங்க’ன்னு சொல்லிக்கிறா. நீங்க மூஞ்சத் திருப்பிக்கினு போய்ட்டீங்க. அது சிரிச்சிட்டு, ‘உன்ன யாருக்குடீ தெரியும்?’னு கேட்டுட்டுது. வூட்டுக்கு வந்து படுத்தவதான் மேடம். சாண் ஏறினா மொழம் சறுக்குது. மறுபடியும் ரெண்டு வாய் சோறுதான்.”

தப்பு என்று தெரிந்த உடனே ஒத்துக்கொள்கிற ஜாதி இல்லை நான். வாய் முந்திக்கொண்டது. அவளுக்காகத்தான் அப்படிச் செய்தேன், அது எங்கள் வேலையில் ஒரு ரூல், யாராவது கேட்டால் அவளுக்குத்தானே சங்கடம், நீங்கள்கூடத்தான் இங்கே வருவதை மறைக்கிறீர்கள் என்று படபடவென்று சொன்னேன். அந்த மஞ்சள் பிட்டைக்கூடச் சுட்டிக்காட்டினேன். எவ்வளவு கொழுப்பு பாருங்கள்.

அவர் கோபப்படவில்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டார்.

“மூஞ்சப் பாத்து சிரிக்கறதுக்கு ரூலா மேடம்? யாருன்னு கேட்டா தெரிஞ்சவங்கன்னு சொன்னா முடிஞ்சி போச்சி. பஸ்ல பாத்தேன், கடையில பாத்தேன்னு ஆயிரம் இருக்குது. எங்க ஊருல சண்டக்காரங்கதான் மேடம் எதிர்ல பாத்தா மூஞ்சத் திருப்பிக்கினு போவாங்க.”

நானும் இதே மண்ணில் பிறந்தவள்தான். என் சொந்தத்தில் ஒரு கல்யாணத்தில் ஒருத்தர் இன்னொருத்தரைக் கண்டுக்காமல் போனதற்காக ஏழு வருஷம் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்த இரண்டு குடும்பத்தை எனக்குத் தெரியும். அதெல்லாம் தெரிந்தும் இந்த விதியை அந்தப் பெண்ணிடம் முதல் நாளே ஒரு வார்த்தை சொல்லிவைக்க எனக்குத் தோன்றவில்லை. யார் கண்ணிலும் படக் கூடாது என்று சொன்னவள் ஆறு வாரம் கழித்து ஒரே ஒரு ஆள் கண்ணில் படலாம் என்று நிமிர்ந்தாள். நான் அவள் கேட்டபடியே அவளை இல்லாமல் ஆக்கிவிட்டேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது, அந்த அம்மா எதிரில் எனக்கு அழுகை வந்துவிட்டது. “ஐயோ, நீங்க ஏன் மேடம்” என்று அவர் பதறி மல்லாட்டைப் பொட்டலத்தைப் பிரித்து என் பக்கம் தள்ளினார்.

வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டிருப்பேன். ஆனால் வெளியூர்க்காரி ஒருத்தி அந்தத் தெருவில் கால் வைத்தால் சாயங்காலத்துக்குள் ஊரே யார், எவர், எதற்கு என்று கேட்டுவிடும். அந்தப் பெண்ணின் போனோ ஹாஸ்டலிலிருந்து வந்ததிலிருந்து அணைந்தே கிடந்தது. கிளினிக் சீட்டு ஒன்றைக் கிழித்து எழுதினேன்.

‘அன்றைக்கு நான் உன்னைப் பார்த்தேன். நீ சிரித்ததையும் பார்த்தேன். வெளியில் நானாகப் பேசக் கூடாது என்று எனக்கு ஒரு பழக்கம் உண்டு. அதை உன்னிடம் முன்பே சொல்லாதது என் தப்பு. உன் தப்பு எதுவும் இல்லை. வருகிற சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அதே பூக்கடை எதிரில் நிற்பேன். நீ வரலாம், வராமலும் இருக்கலாம். வந்தால் என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரித் தாண்டிப் போ. அது உன் முறை.’

கடைசி இரண்டு வரியை எந்தப் புத்தகத்திலிருந்தும் எடுக்கவில்லை. கோபத்தில் எழுதினேன், என்மேல் இருந்த கோபத்தில். மடித்து அம்மாவிடம் கொடுத்து, பிரிக்காமல் அவளிடம் கொடுங்கள் என்றேன். “நான் ஏன் மேடம் பிரிக்கிறேன்” என்று ஜாக்கெட் பிட்டின் மடிப்புக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டார். சென்னையில் இருக்கும் என் சீனியரிடம் அன்றைக்கே போனில் விஷயத்தைச் சொன்னேன். அவர் முழுக்கக் கேட்டுக்கொண்டார். அப்புறம், “அவ வரலேன்னா என்ன பண்ணுவே, அதையும் யோசிச்சு வெச்சுக்கோ” என்றார். அந்த ஒரு வாரம் நான் சரியாகச் சாப்பிடவில்லை.

சனிக்கிழமை ஒன்பதே முக்காலுக்கே போய் நின்றுவிட்டேன். பஸ் ஸ்டாண்டில் சும்மா நிற்பது லேசுப்பட்ட காரியமில்லை. “எந்த ஊருக்கும்மா?” என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். பத்து மணி ஆனது, பத்தே காலும் ஆனது. பூக்கார அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“யாருக்கு வெயிட் பண்ணிக்கினு நிக்கிறீங்க? வெயில்ல ஏன் நிக்கணும், இப்பிடி நெழல்ல வாங்க. ரெண்டு மொழம் கதம்பம் தரட்டுமா?”

நின்றதற்கு வாடகையாக வாங்கிக்கொண்டேன். பத்தரைக்கு மரக்காணம் பக்கமிருந்து பெண்களுக்கு டிக்கெட் இல்லாத டவுன் பஸ் வந்து நின்றது. முதலில் அம்மா இறங்கினார். பின்னால் அவள். துப்பட்டா நுனியில் ஆட்டுக்குட்டி தின்ற அடையாளம் அங்கிருந்தே தெரிந்தது. அம்மாவுக்கு என்னைக் கண்டதும் தாங்கவில்லை. முகமெல்லாம் சிரிப்பாகக் கையைத் தூக்கினார். அந்தப் பெண் டக்கென்று அந்தக் கையைப் பிடித்து இறக்கினாள்.

நேராக என்னை நோக்கி வந்தாள். கைக்கெட்டும் தூரம். என் கண்ணைப் பார்த்தாள், நன்றாகவே பார்த்தாள். நான் என்னையறியாமல் சிரிக்க ஆரம்பித்துவிட்டேன். அவள் முகத்தை மெதுவாகத் திருப்பி, நின்றிருந்த பஸ்ஸின் போர்டைப் பார்த்துக்கொண்டு, என்னைத் தாண்டிப் போனாள்.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும். ஏற்பாடு செய்தவள் நான், சீட்டில் எழுதிக் கொடுத்தவள் நான், அப்படியிருந்தும் எனக்குச் சுரீர் என்றது. பாதிச் சிரிப்போடு இருக்கும் முகத்தை என்ன செய்வதென்று தெரியவில்லை. போதாததற்குப் பூக்கார அம்மா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தெரிஞ்சவங்களா? கண்டுக்காம போறாங்களே!”

“இல்லைங்க, நான் வேற யாரோன்னு நெனச்சிட்டேன்” என்றேன். பொய் எவ்வளவு சுலபமாக வந்தது! நாற்பது வயதுக்காரி, படித்தவள், நாலு பேருக்குப் புத்தி சொல்கிறவள், ஒரு பூக்கடை எதிரில் கூனிக்குறுகிப் போனேன். அவளுக்குப் பத்தொன்பதுதான். அன்றைக்கு அவள் பக்கத்தில் நின்றதோ அத்தை மகள்.

அவர்கள் எந்தப் பக்கம் போனார்கள் என்று கூட்டத்தில் தெரியவில்லை. திரும்பி ஊருக்கே போய்விட்டார்களோ என்னவோ. ஓட்டமும் நடையுமாகக் கிளினிக்குக்கு வந்தேன். டெய்லர் மெஷினை நிறுத்திவிட்டு, “உங்க ஆளுங்க மேல போய்ட்டாங்க மேடம். அந்த மஞ்சத் துணிய இந்த வருஷமாச்சும் தைக்கக் குடுப்பாங்களா?” என்று கேட்டார். எல்லாம் தெரிந்துதான் இத்தனை நாள் பேசாமல் இருந்திருக்கிறார் மனுஷன்.

அம்மா படியிலேயே உட்கார்ந்திருந்தார். அவள் தன் நாற்காலியில் இருந்தாள். நான் மூச்சு வாங்கிக்கொண்டு எதிரில் உட்கார்ந்தேன். அவள் டைல்ஸைப் பார்க்கவில்லை.

“எப்பிடி இருந்துச்சி மேடம்?” என்று கேட்டாள்.

வாரா வாரம் நான் அவளிடம் கேட்கும் கேள்வி. காலேஜ் எப்படி இருந்துச்சு, வீட்டில் எப்படி இருந்துச்சு, இந்த வாரம் எப்படி இருந்துச்சு. ‘நீ என்ன நினைக்கிறே?’ என்று திருப்பிக் கேட்கும் பழக்கம் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

“அசிங்கமா இருந்துச்சு. பாதி சிரிச்ச மூஞ்சிய எங்க வெச்சிக்கிறதுன்னே தெரியல. பூக்காரம்மா வேற பாத்துட்டாங்க. அவங்ககிட்ட உன்னத் தெரியாதுன்னு பொய் சொன்னேன்.”

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தோஷம் இல்லை, பழிவாங்கிய திருப்தியும் இல்லை. சரியாகத்தான் சொல்கிறேனா என்று சரிபார்த்த மாதிரி இருந்தது.

“ம். ஹாஸ்டல்ல எனக்கு டெய்லி அதுதான் மேடம்” என்றாள்.

அப்புறம் அவள் நிறுத்தவில்லை. ஒரே அறையில் ஆறு பேர். ஒரு திங்கட்கிழமை காலையிலிருந்து மற்ற ஐந்து பேரும் இவளிடம் பேசுவதை நிறுத்திவிட்டார்கள். சண்டை இல்லை, திட்டு இல்லை. இவள் பேசினால் காதிலேயே விழாத மாதிரி இருந்தார்கள். மெஸ்ஸில் இவள் உட்கார்ந்தால் எழுந்து அடுத்த டேபிளுக்குப் போனார்கள். போனில் இவள் இல்லாமல் புதிதாக ஒரு குரூப் ஆரம்பித்தார்கள். ஏன் என்று கேட்டாள், அழுதாள், காலில்கூட விழப் போனாள். யாரும் சொல்லவில்லை. “திட்டியிருந்தாக்கூட பரவால்ல மேடம். இன்னா தப்புன்னு தெரிஞ்சிருக்கும். நான் இருக்கறனா இல்லியான்னே எனக்குச் சந்தேகமாய்டுச்சி.” பாத்ரூம் கண்ணாடியில் போய்ப் பார்த்துக்கொள்வாளாம், இருக்கிறோமா என்று.

இதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது? ‘பேசலன்னா போறாளுங்க, நீ படிக்கத்தானே போன’ என்று அம்மா சொல்லிவிடுவார் என்று பயம். உண்மையில் நானும்கூட, ஒரு வாரம் முன்னால் கேட்டிருந்தால், தலையாட்டிக்கொண்டே உள்ளுக்குள் இவ்வளவுதானா என்று நினைத்திருப்பேனோ என்னவோ. அன்றைக்கு நினைக்க முடியவில்லை. என் காது இன்னும் சூடாக இருந்தது.

போகும்போது கேட்டேன், “வெளியில பாத்தா நான் என்ன பண்ணட்டும்?”

யோசித்தாள். “சிரிங்க மேடம். யாருன்னு கேட்டா நான் சொல்லிக்கிறேன்.”

இப்போது யார் வந்தாலும் முதல் நாளே இந்தக் கேள்வியைக் கேட்டுவிடுகிறேன். பதில்கள் ரகரகமாக வரும். ஒருத்தன் இன்சூரன்ஸ் ஏஜென்ட் மாதிரிப் பேசச் சொன்னான். ஒருத்தி என்னைத் தெரியவே தெரியாது என்று இருக்கச் சொன்னாள், அப்படியே இருக்கிறேன். கிளியனூர்ப் பையன் ஒருவன், “பேஜாரு மேடம், நான் வேற பக்கம் போய்டுவேன்” என்றான்.

அவள் ஜூனில் திரும்பிப் போகவில்லை. அதற்கு அடுத்த வருஷம் விழுப்புரத்திலேயே வேறு காலேஜில் சேர்ந்து வீட்டிலிருந்து போய்வருகிறாள். சாப்பாடு பரவாயில்லை, சில நாள் இன்னும் மூலைதான். இதை எழுதட்டுமா என்று கேட்டேன். “பேரு போடாதீங்க. பஸ் ஸ்டாண்டு மட்டும் அப்பிடியே இருக்கட்டும்” என்றாள்.

போன மாதம் ஒரு சாயங்காலம் விழுப்புரம் புது பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். மூன்று பெண்களோடு கரும்பு ஜூஸ் குடித்துக்கொண்டிருந்தாள். சொன்ன சொல்படி சிரித்தேன். அவளும் சிரித்தாள். நான் என் பஸ்ஸைப் பார்த்து நடந்தேன். பின்னால் ஒரு பெண், “யாருடீ அது?” என்று கேட்பது காதில் விழுந்தது. என் கால் தானாக நின்றுவிட்டது.

“எனக்குத் தெரிஞ்சவங்க” என்றாள்.

திரும்பிப் பார்த்தேன். கேட்ட பெண் ஜூஸ் டம்ளரை இடது கைக்கு மாற்றிக்கொண்டு என்னைப் பார்த்து, “வணக்கம்க்கா” என்றாள்.